இருக்கையின் முதுகில் ஓர் இடம்

சோபாவை ஓரங்கட்டிவிட்டு, வரவேற்பறையின் நடுவில் அந்தக் கறுப்பு இருக்கையை வைத்திருந்தார்கள். வீட்டையே மூன்று மாதம் தலைகீழாக்கிவிட்டுப் பிறந்த கார் இருக்கை. ரெசின் பசையை அளக்கப் போன சமையலறைத் தராசு திரும்பி வரவே இல்லை. பசையைக் காயவைக்கிற வேலையில் அவளுடைய ஹேர் டிரையர் கருகிச் செத்தது. பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரசருக்குக் காற்றை உறிஞ்சும் பம்ப்பாகப் பதவி உயர்வு கிடைத்தது. கடை விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கார்பன் ஃபைபர் இருக்கை செய்துகாட்டுகிறேன் என்று அவள் வீட்டுக்காரர் மச்சானிடம் சவடால் விட்டிருந்தார், பின்னே என்ன செய்வது?

மச்சான் என்றால் அவளுடைய தம்பி. வீட்டில் அவனுக்கு ‘அவசரம்’ என்றுதான் பெயர். வருகிற ஞாயிறு மலைப்பாதைப் பந்தயத்தில் அவன் உட்காரப்போவது இதில்தான். இன்று எடுத்துப் போக வருகிறான்.

அவளுக்கோ நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

போன ஞாயிறு, பசை தடவிய கார்பன் துணிகளை இருக்கை வடிவ அச்சின் மேல் அடுக்கி, பிளாஸ்டிக் உறையால் மூடி, பம்ப்பைப் போட்டார் அவர். உறை சுருங்கித் துணியை அழுத்திப் பிடித்தது. “ஆறு மணி நேரம் ஓடணும். நடுவுல நின்னா உள்ளே காத்து பூந்துரும், எல்லாம் பாழ்” என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பினார். மகளுக்கு அன்று நல்ல காய்ச்சல். பம்ப் போட்ட கூச்சலில் சுவர் அதிர்ந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அரை மணி நேரம் தூங்கட்டும் என்று இவள் சுவிட்சை அணைத்தாள். பக்கத்தில் படுத்தவள் தானும் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது. உறை தொளதொளத்துக் கிடந்தது. பதறியடித்து மறுபடி சுவிட்சைப் போட்டாள். அவர் திரும்பி வந்தபோது பம்ப் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாய் வரவில்லை.

மறுநாள் அவர் ஒரு நாணயத்தால் இருக்கையை இண்டு இடுக்கு விடாமல் தட்டிப் பார்த்தார். துணிகள் நன்றாக ஒட்டியிருந்தால் ‘டிங்’ என்று கேட்கும், உள்ளே காற்று இருந்தால் ‘தொப்’ என்று கேட்கும் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். சமையலறையில் குக்கர் இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. “பிரமாதம்!” என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது. அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

இன்று, தம்பி வருவதற்குள் சொல்லிவிட்டாள்.

“ஏங்க, திட்டாதீங்க. அன்னைக்கு பம்ப்பை நான் நிறுத்திட்டேன். ரெண்டு மணி நேரம்.”

துணியால் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “ஓ! அதான்!”

“எது அதான்?”

ஏற்கெனவே பளபளத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“உங்களுக்குத் தெரியும்” என்றாள்.

“உள்ளங்கை அளவுதாம்மா. முதுகுப் பக்கம். தாங்கும். மூணு மாசம் பாடுபட்டிருக்கேன்ல? அவன் கூட்டாளிங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கான்.”

“எங்கயாவது மோதினா?”

“உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?”

நாலு நாளாகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது. எட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனுஷனைப் பார்த்து வந்த பயம்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவசரம் உள்ளே வந்தான். இருக்கையை ஒரே கையால் தூக்கினான். “மாமா! கனமே இல்லையே! கடைக்காரன் தோத்தான் போங்க!” என்று அவரைக் கட்டிப்பிடித்தான். மாமா சிரித்தார்.

அவன் வாசலை எட்டும்வரை அவள் பொறுத்தாள். அவர் சொல்லிவிடுவார் என்று அதுவரை நம்பினாள். பிறகு அலமாரியிலிருந்து நாணயத்தை எடுத்தாள்.

“தம்பி, இறக்கி வை. இதால முதுகுப் பக்கம் தட்டிப் பாரு.”

“நேரமில்லக்கா.”

“தட்டுடா.”

டிங். டிங். டிங். தொப்.

அவசரத்தின் கை முதல்முறையாக நிதானித்தது. அதே இடத்தில் மறுபடி தட்டினான். அதைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டான்.

“மாமா, நீங்க இதைத் தட்டிப் பாக்கலையா?”

அவர் மனைவியைப் பார்த்தார்.

“பம்ப்பை நிறுத்தினது நான்தான்டா” என்றாள் அவள். “பாப்பாவுக்குக் காய்ச்சல். அது என் தப்பு. மீதியை உங்க மாமா சொல்வாரு.”

அவர் கையிலிருந்த துணியை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.