பத்து மணி ஓய்வும் ஓர் ஆங்கில வாக்கியமும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை மலேசியாவின் தேயிலை மலை ஊரான பிரிஞ்சாங்கில், சலாஹுதீன் பாய் சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசையிலிருந்து ஒட்டுக்கேட்டது.

2

‘பனி சூழ்ந்த தேயிலை மலையில், கண்ணீர் மல்கத் தனுஜா...’

(அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. மடிக்கணினி முன்னால் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தாள்.)

தனுஜா முதுகலை மாணவி. எதிரே அவள் அம்மா வடிவம்மாள், எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். தனுஜாவின் ஆய்வு இதுதான்: ஒரு மாதம், ஒரு குழுவுக்குப் பத்து மணிக்கு ஓய்வு, இன்னொன்றுக்குக் கிடையாது. மாலையில் ஒவ்வொரு கூடையையும் நிறுத்துக் குறித்தாள். ஓய்வெடுத்தவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோ கூடுதல். அது தற்செயலாகவும் இருக்கலாம் என்றது புள்ளியியல். உடனே ஆங்கிலத்தில் எழுதிவிட்டாள்: ‘ஓய்வால் வித்தியாசம் இல்லை.’

பேராசிரியை சிவப்பில் வட்டமிட்டிருந்தார்: ‘இல்லை என்று நிரூபித்தாயா? தென்படவில்லை என்று எழுது.’

எஸ்டேட் துரையும் அந்த ‘இல்லை’ வாக்கியத்துக்குத்தான் காத்திருக்கிறார். வித்தியாசம் இல்லையென்றால் அடுத்த மாதம் யாருக்குமே ஓய்வு கிடையாது.

(நான் வார இதழ்களில் தொடர்கதை எழுதுபவன். ‘இருக்கலாம்’ என்று ஓர் அத்தியாயத்தை முடித்தால் ஆசிரியர் தொடரையே நிறுத்திவிடுவார். இந்தப் பெண்ணுக்கோ ‘இருக்கலாம்’தான் பாடம்.)

3

“நிக்காம எடுத்தவங்க களைச்சுப் போயிருக்கணும்லா! எப்படிம்மா கிட்டத்தட்ட ஒரே எடை வருது?”

“களைச்சுத்தான் போனாங்க. செல்லம்மாவுக்குக் கையே ஓடல. அதான் நிறுவைக்கு முன்னாடி, ஓய்வெடுத்த நாங்க ஆளுக்கு ரெண்டு பிடி அவங்க கூடையில போட்டோம்.”

ரொட்டி பாதி வழியில் நின்றது. “தெனமுமா?”

“பின்ன? கொறைஞ்சா கணக்கு எழுதுற கிராணி கத்துவான். எப்பவும் செய்றதுதானே.”

“என் ஆராய்ச்சியவே கவுத்துட்டீங்க!”

“நீ கேட்டியா? தராசையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு நின்ன.”

சலாஹுதீன் பாய் சிரித்தேவிட்டார். “தங்கச்சி, தே தாரிக் குடிச்சிட்டுச் சண்டை போடுலா.”

4

கதைக்கு முடிவு ஒன்று: எல்லாவற்றையும் எழுதுகிறாள். ஓய்வு பிழைக்கும். ஆனால் மறுநாளே கிராணி கூடைகளுக்குக் காவல் நிற்பான், செல்லம்மா மாட்டுவாள்.

முடிவு இரண்டு: ‘தென்படவில்லை’ என்று மட்டும் திருத்துகிறாள். ஆங்கிலம் சுத்தம், பட்டம் உறுதி. துரை அதை ‘இல்லை’ என்றே...

(இதற்குள் தனுஜா என்னை முந்திக்கொண்டாள்.)

அவள் தட்டச்சு செய்தாள்: ‘கூடைகளின் எடைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. எனவே இந்தத் தரவை வைத்து ஓய்வைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது.’

“என்னடி எழுதியிருக்க?”

“நீங்கள்லாம் நல்லவங்கன்னு. ஆங்கிலத்துல.”

“அப்புறமென்ன, அனுப்பு.”

“அனுப்பினா மறுபடி மொதல்லேருந்து அளக்கணும்மா. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போயிடும்.”

தனுஜாவின் விரல் ‘அனுப்பு’ பொத்தான்மேல் இருந்தது. நான் எட்டிப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன். பார்த்திருந்தால் எழுதித் தொலைத்திருப்பேன்.

இப்போது விரல் உங்களுடையது. உங்கள் அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறார்.