தலையில் ஒரு சின்ன ஆபரேஷன்

டமாரென்று கேட் சுவரில் மோதிய சத்தத்தில் காலேப் கையிலிருந்த பிரியாணித் தட்டு நழுவித் தரையெல்லாம் சிதறியது.

"டேய் மாப்ளே! வெளியே வாடா!"

அவனுக்கு நிச்சயித்திருந்த பிளஸ்ஸியின் அண்ணன் ஆபேலின் குரல். ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி டயர் கடை வைத்திருப்பவன். நிச்சயதார்த்தத்தன்று காலேப்பைக் கட்டிப்பிடித்து, "இனிமே எங்க வூட்டுப் புள்ள நீ" என்று கண்கலங்கியவன். இன்று காலேப் வீடு இருக்கும் பீர்க்கன்கரணை வரை வண்டியை விரட்டிக்கொண்டு வந்து, வாசலில் வீல் ஸ்பேனரோடு நின்றான்.

காலேப் உடனே வாசலுக்கு ஓடவில்லை. வாஷ்பேசின் கண்ணாடியில் தலையைப் பார்த்துக்கொண்டான். பேட்ச் சரியாக ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் போனான்.

இருபத்தாறு வயது, சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. கல்லூரி முடிப்பதற்குள் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்து, இப்போது உச்சி முழுக்க வெட்டவெளி. காதுக்குக் காது பின்மண்டையில் ஒரு பட்டை மட்டும் மிச்சம். மேலே ஊர் பார்ப்பதெல்லாம் டேப் போட்டு ஒட்டிய பொய் முடிப் பேட்ச். அது அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். பெண் பார்க்கப் போனதும் அதோடுதான். "உங்க ஹேர் ஸ்டைல் செம" என்று பிளஸ்ஸி போனில் சொன்ன அன்று அவனுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் கல்யாணம். பேட்சை எத்தனை நாள் ஒரே தலையணையில் மறைக்க முடியும்?

முதலில் பார்த்த டாக்டர், "அவசரப்படாதீங்க தம்பி. இன்னும் கொட்டுற வயசு. பின்மண்டையில இருக்கறதுதான் உங்க மொத்தக் கையிருப்பு. அதை எடுத்துத்தான் மேலே நடணும், அது பத்தாது. அங்கே காயம் தழும்புன்னு ஆயிட்டா அதுவும் போச்சு" என்றார். இரண்டாவது கிளினிக்கில் டாக்டருக்கு முன்னால் ஆசை காட்டவே ஓர் ஆள் இருந்தான். "கல்யாணத்துக்குப் பேட்சைத் திரும்ப ஒட்டிக்கலாம் சார். அடியில முளைச்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் ஒருநாள் கழட்டிடுங்க, ஒய்ஃபுக்கே தெரியாது." முடி நட வரும் வியாழக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். போகலாமா வேண்டாமா என்று அவன் இன்னும் ஊசலாடிக்கொண்டிருந்தான்.

அவன் அம்மா புஷ்பம் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை. ஜெபம் இல்லாமல் எதையும் தொடங்காதவள். சர்ச் பெண்கள் ஐக்கியத்தில், "மகனுக்கு வியாழக்கிழமை தலையில் ஒரு சின்ன ஆபரேஷன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வைத்தாள். முடி என்று சொல்லவும் கூச்சம், கோயிலில் பொய் சொல்லவும் பயம். இன்று காலை ஆராதனையில் ஆயர் கல்யாண அறிவிப்பான ஓலையை முதல்முறையாக வாசித்தார். கையோடு, "இந்த மணமகனுக்குத் தலையில் நடக்கவிருக்கும் அறுவை சிகிச்சைக்காக எழுந்து நின்று ஜெபிப்போம்" என்றும் சொல்லிவிட்டார்.

சபையில் ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் அது மூளையில் கட்டி ஆகிவிட்டது. வண்டிகளை எடுப்பதற்குள் புற்றுநோய். யாரோ ஒரு அத்தை ஊரப்பாக்கத்துக்குப் போன் போட்டபோது, டாக்டர்கள் கைவிட்டேவிட்டார்கள்.

"என்ன மச்சான், உள்ள வாங்க..."

"மச்சானா? இன்னொரு தபா சொன்னே, வாயைக் கிழிச்சிருவேன். சாவப்போறவனுக்கு என் தங்கச்சியைக் கட்டிவெச்சு, தாலியறுக்க வுடப் பாத்தீங்களா ஆத்தாளும் புள்ளையும்?"

"யாரு சாகப்போறது? எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்போ வியாழக்கெழம இன்னா ஆபரேஷன்?"

"அது... சைனஸ்."

"சைனஸுக்கு மூக்குல பண்ணுவானா, மண்டையைத் தொறப்பானா? யாருகிட்டடா கத வுடறே?"

புஷ்பம் ஈரக்கையோடு ஓடி வந்தாள். "ஆபேல் தம்பி, நான் சொல்றேன்ப்பா. அது வந்து..."

"அம்மா! நீ வாயைத் திறக்காதே!"

ஒரு வார்த்தை போதும். முடி. அதைச் சொல்லாமல் காலேப் பேட்சை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டான். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் துணியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஆபேல் விட்ட முதல் அறையிலேயே உதடு கிழிந்தது. அடுத்து வயிற்றில் ஒரு குத்து. காலேப் மண்டியிட்டு விழுந்தான். அடி வாங்குகிற எவனும் முகத்தைத்தான் மறைப்பான். காலேப்பின் இரண்டு கைகளும் பின்மண்டையைக் கவ்விக்கொண்டன. முகம் திறந்து கிடந்தது. ஆபேலின் முழங்கால் அதில் இறங்கியது. மூக்கில் ஏதோ நறுக்கென்றது. சட்டை முழுக்க ரத்தம்.

"பாத்தியா! கட்டி பின்னாலதான் கீது! கை அங்கியே போவுது பாரு!"

ஸ்பேனர் ஓங்கியது. காலேப் இன்னும் சுருண்டான். தோளில் விழட்டும், முதுகில் விழட்டும். பின்னால் மட்டும் படாமலிருந்தால் போதும். அடி தோள்பட்டையில் விழுந்தது. அந்தக் கை மரத்துப்போயும் அவன் அதைத் தலையிலிருந்து எடுக்கவில்லை.

"விடுப்பா! அவனை விடு!" புஷ்பம் குறுக்கே பாய்ந்தாள். ஆபேல் திரும்பிப் பார்க்காமலே கையை வீசினான். அவள் படிக்கட்டில் போய் விழுந்தாள். ஊன்றிய மணிக்கட்டு முறிந்த சத்தம் எதிர்மாடிவரை கேட்டது.

"இயேசுவே!"

அம்மா விழுந்ததைக் காலேப் பார்த்தான். அவள் கை தப்பான திசையில் மடங்கித் தொங்குவதையும் பார்த்தான். அவனுடைய விரல்கள் பின்மண்டையை விட்டு அசையவில்லை.

ஆபேல்தான் வெலவெலத்துப் போனான். ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. "ஆன்ட்டி... நான் உங்கள அடிக்க வர்ல ஆன்ட்டி..." அந்த அவமானம் அடுத்த நொடியே வெறியாக மாறியது. "எல்லாம் உன்னாலதாண்டா!" என்று காலேப்பின் உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான்.

பிளாஸ்திரி பிய்கிற மாதிரி ஒரு சத்தம்.

முடி மொத்தமும் ஆபேல் கையோடு வந்துவிட்டது. மத்தியான வெயிலில் காலேப்பின் உச்சி பளபளத்தது. டேப் இருந்த இடமெல்லாம் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. மாடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆபேல் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னாடா இது?"

"முடிப்பா..." படியில் சாய்ந்து கிடந்த புஷ்பம் முனகினாள். "முடி நடுற ஆபரேஷன். அவ்ளோதான்."

ஆபேலுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வெடித்தது. "அடப்பாவி! சொட்டைக்காடா இம்மாம் அடி வாங்கினே?"

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் காலேப் ஸ்பேனரை எடுத்து அவன் முழங்காலில் இறக்கியிருந்தான். ஆபேல் அலறிச் சரிந்தான். இன்னொரு அடி விலாவில். இன்னொன்று கைவிரல்களில்.

"குடுடா! அதைக் குடுடா!"

"இந்தாடா... எடுத்துத் தொலைடா... வுட்டுர்றா..."

நசுங்கிய விரல்களுக்குள்ளிருந்து காலேப் அதைப் பிடுங்கினான். ரத்தத்தோடும் மண்ணோடும் தலையில் வைத்து அழுத்தினான். அது ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் ஸ்கூட்டி வந்து நின்றது. கோயிலுக்குக் கட்டிய புடவையோடு பிளஸ்ஸி இறங்கினாள். வழியெல்லாம் அழுதிருந்தாள். கேட்டருகே புரளும் அண்ணனைப் பார்த்தாள். காலேப்பைப் பார்த்தாள். பிறகு நேராக ஓடிப்போய்ப் புஷ்பத்தின் முறிந்த கையை முந்தானையால் தாங்கிப் பிடித்தாள்.

"கட்டியும் இல்ல, கேன்சரும் இல்ல பிளஸ்ஸி," ஆபேல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "சொட்டைத் தலைக்கு முடி நடப் போறானாம். முட்டியை ஒடச்சிட்டான் பாரு."

"எதையும் கேக்காம வந்து கையை நீட்டுனே இல்ல? நல்லா வேணும். கெட." அவள் காலேப்பிடம் திரும்பினாள். குரல் உடைந்திருந்தது. "நீங்க சாகப் போறீங்கன்னு சொன்னாங்க. பரவால்ல, இருக்கற வரைக்கும் கூட இருந்து பாத்துக்கறேன்னு சொல்லத்தான் வந்தேன். முடியைப் பாத்தா நான் சரின்னு சொன்னேன்? அதைக் கழட்டிப் போடுங்க. ஆன்ட்டிக்குக் கை ஒடஞ்சிருக்கு. மொதல்ல ஒரு ஆட்டோ கூப்பிடுங்க."

காலேப் பேட்சை மெல்லக் கழற்றினான். மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்கும் அவளுக்கும் முன்னால் வந்து, முதுகைக் காட்டித் தலையைக் குனிந்து உட்கார்ந்தான்.

"பிளஸ்ஸி, பின்பக்கம் எங்கயாவது கிழிஞ்சிருக்கான்னு மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லேன்... அதுலேர்ந்துதான் முடி எடுக்கணும்."