இறக்கி வைத்த குடம்

சங்கு ஊதியதும் துளை போடும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். ரோட்டோர நிலத்தில் காலையிலிருந்து தடதடத்த அது ஓய்ந்ததும், உக்கிரபாண்டியைக் கிடத்தியிருந்த வீட்டின் அழுகை பெரிதாகக் கேட்டது.

எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் பக்கத்துப் புஞ்சைக்காரி முருகலட்சுமி. அதற்கு நியாயம் உண்டு. பள்ளத்தில் இருக்கும் அவள் கிணற்றில் டீசல் வாடை அடிக்கத் தொடங்கி இரண்டு வருஷமாகிறது. மாடுகூட முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அன்றிலிருந்து உக்கிரபாண்டி, மேட்டிலிருந்த தன் கிணற்றை அவளுக்குத் திறந்துவிட்டிருந்தார்.

“ஒரு நா மொகஞ் சுழிச்சதில்ல மதினி. எத்தன கொடம்னாலும் எடுத்துக்க தாயின்னாக. இப்பிடி ஒரு மனுசன் எங்க இருக்காக?” என்று அவர் மகள் கஸ்தூரியைக் கட்டிக்கொண்டாள்.

அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி நழுவியிருந்தது. கஸ்தூரி அதை இறுக்கினாள்.

போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் அந்த வாய்தான் அவளிடம் சொன்னது. “பங்க்கு டேங்க எடுக்கவே இல்லம்மா. மாட்டுக்கொட்டத்துக்கு முன்னால பொதஞ்சு கெடக்கு. நாங் கண்ண மூடுற வரைக்கும் சொல்லிராத.”

ஒரு காலத்தில் அவர் நிலத்தில் ஒருவர் டீசல் பங்க் நடத்தினார். அது மூடப்பட்டபோது, தரைக்கடியிலிருந்த டேங்கைத் தோண்டியெடுக்கும் வேலையை உக்கிரபாண்டி ஏற்றுக்கொண்டார். எடுக்கவில்லை. மேலே மண்ணைத் தள்ளிவிட்டு, எடுத்தாச்சு என்று ஊருக்குச் சொன்னார். சூது எதுவும் இல்லை, வெறும் சோம்பல். பிறகு அந்தப் பொய்யைக் கட்டிக் காக்க வேண்டியதாயிற்று. முருகலட்சுமி மனுக் கொடுத்து ஆய்வுக்காரர்கள் போன மாசம் இடம் பார்க்க வந்தபோது, டேங்க் இருந்த இடமென்று ரோட்டு மூலையைக் கை காட்டினார். அவர்களும் நம்பி மூன்று நாளாக அங்கேயே துளை போட்டார்கள்.

மண்ணைச் சோதிக்க வந்த சுவாதி வாசலில் வந்து நின்று கஸ்தூரியைக் கூப்பிட்டாள். கையில் கரிசல் ஒட்டியிருந்தது.

“மன்னிச்சுக்கங்கக்கா. அஞ்சு மணிக்கு மெஷினு காரியாபட்டிக்குப் போயிரும். எடுத்த மண்ணுல வாடையே இல்ல. இங்கருந்து கசியலைன்னுதான் எழுதணும்.”

அண்ணன் விஜயபாண்டியைக் கஸ்தூரி கொல்லைப்பக்கம் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் கறுத்தது.

“அம்புட்டுச் சனமும் நிக்கிது. பாடை வாசலத் தாண்டுற வரைக்கும் வாயத் தொறக்காத. நாளைக்குப் பாப்போம்.”

“நாளைக்கு மெஷினு இருக்காதுண்ணே.”

“அப்பா பேரு இருக்குமில்ல.”

அதற்குள் நீர்மாலைக்குக் கூப்பிட்டார்கள். பிணத்தைக் குளிப்பாட்டும் தண்ணீரைச் சொந்தக் கிணற்றில் மகள்தான் மோந்து வர வேண்டும். தலைக்கு மேல் நான்கு பேர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து வருவார்கள். குடம் வழியில் தரையைத் தொடக் கூடாது. தொட்டால் அந்தத் தண்ணீர் ஆகாது.

ஈரச் சேலையோடு கஸ்தூரி குடத்தைச் சுமந்து வந்தாள். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. மாட்டுக்கொட்டத்துக்கு முன்னால் வந்ததும் நின்றாள். மேளக்காரர்கள் கவனிக்காமல் நாலு எட்டு முன்னே போய்விட்டார்கள்.

அவள் குடத்தைத் தரையில் இறக்கி வைத்தாள்.

“ஏத்தா, என்ன காரியம் பண்ற! எறக்கக் கூடாதுத்தா!” என்று கூட்டம் பதறியது. விஜயபாண்டி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சுவாதி, இங்கன குத்துங்கம்மா,” என்றாள் கஸ்தூரி. “எங்கப்பா டேங்க எடுக்கல. இங்கனதான் கெடக்கு.”

அப்பாவை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை.

மேளம் நின்றது. முருகலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கொட்டத்தைப் பார்த்தாள், பிறகு பள்ளத்தில் தன் கிணற்றைப் பார்த்தாள். அவளிடம் அழுகை இல்லை. குனிந்து குடத்தை எடுத்து, தண்ணீரை அங்கேயே ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தைக் கஸ்தூரியின் கையில் கொடுத்தாள்.

“போயி வேற மோந்துட்டு வாங்க மதினி. ஒங்க கெணத்துத் தண்ணி நல்லாத்தான இருக்கு.”

கஸ்தூரி கிணற்றுக்குத் திரும்பி நடந்தாள். வேட்டி பிடித்தவர்கள் கூட வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். சுவாதி, கொட்டிய தண்ணீரின் ஈரம் காய்வதற்குள், அதன் நடுவில் துளைக்கு அடையாளமாக ஒரு குச்சியை ஊன்றினாள்.