தூணின் இரண்டு பக்கம்

மாஸ்கோக்காரர்கள் யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் பூமிக்கு அடியில்தான் சந்திப்பார்கள். மேலே பனி கொட்டும்போது எவன் தெருமுனையில் நிற்பான்? ஸினயீதாவும் மத்வேயும் பேசிவைத்த இடம் நத்தை. ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் சிவப்புப் பளிங்குத் தூணில், கல்லோடு கல்லாய்ச் சுருண்டு கிடந்த ஆதிகாலத்துக் கடல் நத்தை.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் மத்வேய்க்கு வடகோடியில் சுரங்க வேலை கிடைத்தது. "என்கூட வர்றதா இருந்தா பெட்டியோட நத்தைகிட்ட வா. வரலைன்னா புரிஞ்சுக்கறேன்" என்றான். ஸினயீதா பெட்டியும் கையுமாகப் போய் நின்றாள். அவன் வரவில்லை. கடைசியில், தன் பக்கத்து நடைமேடையில் வந்த ரயிலில் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். பிறகு ஒரு நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டு, அவரை அடக்கமும் செய்தாயிற்று. ஆனால் 'ஏன் வரலை' என்ற கேள்வி மட்டும் முள்ளாய்த் தொண்டையிலேயே நின்றது.

போன வாரம் தொலைபேசியில் அவன் குரல். பழுது பார்க்க நிலையத்தை மூடப்போகிறார்களாம். "அதுக்குள்ள ஒரு தடவை நத்தைகிட்ட வா, ஸீனா."

வந்தாள். அதே நத்தை, மேலே அதே வெண்கல விளக்கு. மத்வேயைத்தான் காணோம். பட்டும் புத்தி வரவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நடைமேடைப் பணிப்பெண் அருகே வந்தாள். "என்னம்மா, இந்த வண்டியையும் விட்டுட்டீங்க? கல்லை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க."

"கல்லுக்கு யாரு காவல் நிக்கறா? வாக்குக் குடுத்துட்டு ஏமாத்தறதே ஒருத்தனுக்குப் பொழப்பு."

போய்விடலாம் என்று திரும்பியவளுக்கு மனசு கேட்கவில்லை. மூடுவதற்குள் இந்த அழகை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும். தூணை ஒட்டிய வளைவுக்குள் நுழைந்து, நடு மண்டபத்தின் சரவிளக்குகளை அண்ணாந்து பார்த்தபடி நடந்து, அடுத்த வளைவு வரை போய், மண்டபத்தின் வழியாகவே அதே தூணுக்குத் திரும்பி வந்தாள்.

ஓர் அறை அகலத்துக்குத் தடித்த தூண் அது; ஒரு பக்கம் நிற்பவருக்கு மறுபக்கம் தெரியாது. அதன் மண்டபப் பக்கத்திலும் ஒரு நத்தை இருந்தது, எதிர்ப்புறமாகச் சுருண்டு. அதன் முன்னால் மூன்று பூக்களோடு ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார்.

"மத்வேய்."

அவர் திரும்பினார். "இன்னிக்கும் நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

"அன்னிக்கும் இங்கயா நின்ன?"

"வேற எங்க நிப்பேன்? நத்தைகிட்டதான்."

ஸினயீதா அவர் கையைப் பிடித்து நடைமேடைப் பக்கம் இழுத்துப் போனாள். மத்வேய் அந்த நத்தையை விரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவினார்.

"ஒரே கல்லு. ரொட்டி மாதிரி குறுக்கே அறுத்து, ஆளுக்கொரு பக்கம் பதிச்சிருக்கான் படுபாவி."

இவ்வளவு காலமும் அவள் சபித்த மனிதன் அன்றைக்கு இந்தக் கல்லுக்குப் பின்னால் நின்று அவளைச் சபித்திருக்கிறான். ஸினயீதாவுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நீதான் தப்பான பக்கம் நின்னுட்ட" என்றார் மத்வேய்.

"வாயை மூடு. நீ மொதமொதல்ல காட்டினது இந்த நத்தையத்தான்."

ஒரு ரயில் வந்து நின்று போயிற்று. இருவரும் ஏறவில்லை.

"ஸீனா, அன்னிக்கு… பெட்டியோட வந்தியா?"

"வந்தேன். அந்த ஊர்க் குளிருக்கு உனக்குன்னு கம்பளிக் காலுறைகூடப் பின்னி வெச்சிருந்தேன்."

மத்வேய் பளிங்கு பெஞ்சில் உட்கார்ந்து, தம் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.