வெயிலைத் தேடிப் போன வீடு

எங்க வீட்டு போன் செத்துப்போச்சு. அதுவும் இன்னிக்குப் பாத்து. தலைநகரம் நோம்பென்ல நடக்குற படகுப் போட்டியில பெண்களுக்கான கடைசிச் சுத்து, என் மக பிசேய் முன்வரிசையில துடுப்புப் போடுறா. "ஜெயிச்சா உனக்காகத் துடுப்பைத் தூக்கிக் காட்டுவேன்மா, போன்ல பாரு"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. என் வீட்டுக்காரர் வுத்தி காலையிலேர்ந்து கோழிச்சண்டை பாத்தே பேட்டரியைத் தின்னுட்டாரு.

"சோலார் சார்ஜர்தான் இருக்கேடி"ன்னாரு, பல்லைக் காட்டிக்கிட்டு.

இருக்கு. புத்தகம் மாதிரி மடக்குறது, ஏரியில மிதக்குற எங்க வீட்டு வாசல் தூண்ல தொங்குது. ஆனா மத்தியானம் ஆனா பக்கத்து வீட்டு சொக்கிம் அக்காவோட புதுத் தகரக் கூரை நிழல் நேரா அதுமேலதான் விழும். அதைக் கேக்கப்போய்தான் எங்களுக்குள்ள பேச்சே நின்னுபோச்சு. பின்பக்கம் பூரா மரநிழல். எங்க ஓலைக்கூரையில வைக்கலாம்னா, வுத்தி ஏறினா கூரையும் அவரோட சேந்து ஏரிக்குள்ள இறங்கிடும். படகைத் தம்பி சந்தைக்குக் கொண்டுபோயிட்டான்.

"கயித்தை அவுருங்க"ன்னேன்.

"எந்தக் கயித்தை?"

"வீட்டுக் கயித்தைத்தான். வெயில் நம்மகிட்ட வரலைன்னா நாம போவோம்."

ஆளுக்கொரு மூங்கில் கழியை ஊனித் தள்ளினோம். வீட்டைத் தாங்குற டிரம்முங்க முனகுச்சு, அடுக்களையில பானை உருண்டுச்சு. சொக்கிம் அக்கா அவ வாசல்ல நின்னு, எங்களைக் கேக்காம அவ நாயைக் கேட்டா: "என்னடா, இதுங்க வீட்டோட ஊரைவிட்டே ஓடுதுங்களா?"

நான் கழியை இன்னும் அழுத்தி ஊனினேன். வாசல்ல வெயில் பளீர்னு விழுந்துச்சு. கொஞ்ச நேரத்துல போன் உயிர் வந்து முழிச்சுது. சார்ஜர் வயர் குட்டை. ரெண்டு பேரும் அது பக்கத்துலயே குத்தவச்சு, கண்ணு கூசாம துண்டைத் தலையில போட்டுக்கிட்டோம்.

அந்தச் சின்னப் படத்துல என் புள்ளையைக் கண்டுபிடிச்சுட்டேன். ரெண்டு படகும் மூக்கும் மூக்குமா வருது. "இழுடி, இழு"ன்னு என் தோள் தானா ஆடுது. வுத்தி என் முழங்காலைப் பிடிச்சு நசுக்குறாரு. எல்லைக் கொடி பக்கத்துல வந்துடுச்சு, இன்னும் நாலே இழுப்பு.

போன் அணைஞ்சுபோச்சு.

துண்டை இழுத்தெறிஞ்சேன். தலைக்கு மேல சொக்கிம் அக்காவோட தகரக் கூரை. அவசரத்துல கயித்தைத் திரும்பக் கட்டவே இல்ல, காத்து எங்களைத் தள்ளிக் கொண்டாந்து பழைய நிழல்லயே விட்டிருக்கு. நான் அப்படியே உக்காந்து அழுதேன். யாரைத் திட்டுறதுன்னுகூடத் தெரியல.

அப்ப சொக்கிம் அக்காவோட பட்டன் போன் அடிச்சுது. எடுத்துக் கேட்டா. அவ முகம் என்னமோ ஆச்சு. தண்ணிக்கு மேல எட்டிக் கையை நீட்டினா.

"உன் போன் கிடைக்கலையாம். ஜெயிச்சுட்டாளாம்டி. இந்தா, பேசு."

பிசேய்க்கு இன்னும் மூச்சு வாங்குது. "அம்மா, தூக்கினேனே, பாத்தியா?"

"பாத்தேன்டி தங்கம். நல்லா பாத்தேன்."

சொக்கிம் அக்கா என்னையே பாத்துக்கிட்டு நின்னா. குனிஞ்சு எங்க கயித்தை எடுத்து அவ தூண்லயே கட்டினா.

"இங்க கட்டினா நிழல் விழும்"னா.

"விழட்டும்க்கா"ன்னேன்.