சங்கையா வீட்டு ட்வீட்டர்

ராஜபாளையத்தில் சங்கையா இருந்த தெருவே நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிற தெரு. யார் டேப் செட் வாங்கினாலும் முதலில் சங்கையாவைத்தான் கூப்பிடுவார்கள். மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தால் மேளம் திம்மென்று இறங்கும் என்று தெருவுக்கே காட்டியவர் அவர். அந்தப் பெயர் அவருக்குச் சம்பளத்தைவிடப் பெரிது.

தொண்ணூறாம் வருஷ தீபாவளி போனஸில் பானையைக் கடாசிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் காதர் கடையில் மரப்பெட்டி செய்யச் சொன்னார். மேளத்துக்குப் பெரிய ஊஃபர், சன்னமான சத்தத்துக்குச் சின்ன ட்வீட்டர். இளவட்டமாக இருந்தபோது பூக்குழித் திருவிழாவில் அவரே பதிவு செய்த கரகாட்டக் கேசட் ஒன்று உண்டு. அதிலுள்ள சலங்கைச் சத்தத்தை மறுபடி கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

பெட்டி வந்தது. மேளம் வீட்டையே அதிர வைத்தது. சலங்கையை மட்டும் காணோம்.

காதர் முகம் சுளிக்காமல் ட்வீட்டரை மாற்றிக் கொடுத்தார். அப்போதும் இல்லை. சந்தேகம் தீர, மில்லில் கூட வேலை பார்க்கும் ஐயாதுரையையும் கருத்தையாவையும் வீட்டில் உட்கார வைத்தார் சங்கையா.

"சலங்கை கேக்குதாலே?"

இருவரும் பெரிய வித்வான்கள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

"ஒரு மண்ணும் கேக்கலண்ணே. ஒங்க தலையில கட்டிட்டான்" என்றான் ஐயாதுரை.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி இருளம்மாள் எட்டிப் பார்த்தாள். "எனக்கு நல்லாக் கேக்குதே."

"ஏட்டி, செட்டைப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? சோத்தைப் பாரு."

மறுநாள் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார். ஆண்டாளைச் சேவிக்க வேண்டும் என்று இருளம்மாளும் தொற்றிக்கொண்டாள்.

"நான் மட்டும் சொல்லல காதரு, எங்க ஆளுக ரெண்டு பேரும் கேட்டுட்டுத்தான் சொன்னாங்க" என்று கடை வாசலிலேயே ஆரம்பித்தார்.

"செத்த பொறுங்கண்ணே." காதர் ஊஃபர் ஒயரைக் கழற்றி, ட்வீட்டரை மட்டும் விட்டு, கேசட்டைச் செருகி வால்யூமைக் கூட்டினார். சங்கையா பெட்டியோடு காதை ஒட்டிவைத்துக் காத்திருந்தார்.

"ம், போடுங்க."

காதர் சுழன்றுகொண்டிருந்த கேசட்டைக் காட்டினார். சங்கையா திரும்பினார். இருளம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். ரோட்டில் போன ஒருவர் நின்று கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

காதர் டேப்பை நிறுத்தினார். "அந்த ரெண்டு பேரும் எங்கண்ணே வேலை பாக்காக?"

"எங்கூடத்தான்... அதே ஸ்பின்னிங் மெஷினுல..." சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. அந்த மெஷின் இரைச்சல் மூன்று பேர் காதிலும் சன்னமான சத்தத்தைத் தின்றிருக்கிறது. "ட்வீட்டரைக் கழத்திருங்க காதரு."

"எதுக்குக் கழத்தணும்? நான் ஒருத்தி கேக்கேன்ல, இருக்கட்டும்" என்றாள் இருளம்மாள்.

சாயங்காலம் வீட்டில் கேசட் ஓடியது. சலங்கை வரும் இடத்தில் இருளம்மாள் அவர் முழங்காலில் விரலால் தட்டிக் காட்டினாள். சத்தம் கேட்டு ஐயாதுரை வந்து, "சரியாயிருச்சாண்ணே?" என்று கத்தினான். அந்தத் தெருவில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள்.

"ஆயிருச்சுலே."

ஐயாதுரை உட்கார்ந்து கண்ணை மூடினான். தலையை ஆட்டினான். "ஆமாண்ணே, இப்பத்தான் சலங்கை கணீர்னு கேக்கு."

சங்கையாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.