பொருட்படுத்தாத மக்கள்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் டைப்ரைட்டரில். எழுபத்தாறு நவம்பர் வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள், மந்தைவெளியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து இந்த வரியை அடித்தேன்: ‘எச்சரிக்கை விடுக்கப்பட்டும் குடிசைவாசிகள் அதைப் பொருட்படுத்தவில்லை.’

அது பொய். என் கதைகள் ஐந்தாறு, வாரப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் ஃபைலில் போட்டு வைக்கவில்லை. இந்த ஒரு வரியை மட்டும் சர்க்கார் ஆபீசில் வைத்திருக்கிறார்கள்.

2

தொடங்கிப் பார்த்தவை:

மழை மூன்று நாளாக விடாமல் கொட்டியது. அடையாறு தன்

(வேண்டாம். மழையின் தலையில் பழியைப் போடுகிற தொடக்கம் இது. நான் நழுவப் பார்க்கிறேன்.)

விசிலை வாயில் வைத்தபோது ஹபீபுர் ரஹ்மானின் மனதில்

(அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், அவர் சொல்லவில்லை. தெரியாததை எழுதி ஏற்கெனவே ஒரு முறை கெட்டிருக்கிறேன்.)

ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லப்போகிறேன். பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

3

எழுபத்தொன்றில் யுத்தம் வந்தபோது எங்கள் வட்டத்தில் ஒரு தொண்டர் குழு அமைத்தோம். நாலு பேர்தான். தலைவர் ஹபீபுர் ரஹ்மான் பாய். மயிலாப்பூரில் சாமி படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்தார். செயலாளர் சண்முகவடிவு, அதாவது நான். டைப்பிஸ்ட் வேலை பார்த்தவள் என்பதால் எழுத்துவேலை முழுக்க என் தலையில் விழுந்தது. மற்ற இரண்டு பேரும் இந்தக் கதையில் வரமாட்டார்கள். வரவேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

ஆற்றங்கரையில் மணல்மேட்டுக் குப்பம். நூறு குடிசை இருக்கும். அங்கே போய் ஒத்திகை நடத்தினோம். நீளமாக ஒரு விசில் ஊதினால், விமானம் வருகிறது என்று அர்த்தம்: எல்லோரும் குடிசைக்குள் ஓடி, சுவரோரமாகக் குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, பல்லிடுக்கில் துணியைக் கடித்துக்கொள்ள வேண்டும். குட்டிக் குட்டியாக மூன்று விசில் கேட்டால்தான் எழுந்திருக்கலாம். கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

விமானம் வரவில்லை. யுத்தம் இரண்டு வாரத்தில் முடிந்துபோனது. நாங்கள் ஒத்திகையை நிறுத்தவில்லை. மாதம் ஒரு ஞாயிறு, ஐந்து வருஷம்! எங்களுக்கு அதில் ஒரு பெருமை. நூறு குடும்பம் ஒரே மூச்சில் உள்ளே போய்ப் படுப்பதைக் கரைமேல் நின்று பார்ப்பதில் இருக்கிற சந்தோஷத்தை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பு வருகிறது.

குப்பத்துக்கு நாங்கள் நியமித்த தெருத்தலைவி பேச்சியம்மாள். நாங்கள் கொடுத்த, சட்டைப்பையில் குத்துகிற பேட்ஜைப் புடவைத் தலைப்பில் குத்திக்கொள்வாள். யாராவது தலையைத் தூக்கினால் விளக்குமாறுதான். அவள் புருஷன் தனபாலன், சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவன், ஒரு தடவைகூடப் படுத்ததில்லை.

“பிளேன்காரனுக்கும் நமக்கும் இன்னா சண்டெ? போடறவன் பெரிய பங்களாவா பாத்துப் போடுவான். உங்க ஊட்டுக்குப் போய் நீங்க படுங்க சாரு” என்பான் ரஹ்மான் பாயிடம். குப்பமே சிரிக்கும். பாயும் சிரிப்பார்.

4

எழுபத்தாறில், வெள்ளத்தன்று காலை பதினோரு மணி. பாயும் நானும் கரைமேல் நின்றோம். கரைக்கும் குப்பத்துக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. இறங்க முடியவில்லை. மேலே ஏரிகள் உடைந்துவிட்டன என்று செய்தி வந்திருந்தது. எதிரே ஜனங்கள் குடிசைக்கு வெளியே, மேட்டில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கமாகப் பாலத்துக்கு ஏறிப்போக அவர்களுக்கு வழி இருந்தது. கத்தினோம். மழையில் எதுவும் எட்டவில்லை.

ரஹ்மான் பாய் விசிலை எடுத்து, மூச்சு முட்ட, நீளமாக ஊதினார்.

வெளியே நின்றவர்கள் எல்லோரும் உள்ளே போனார்கள்.

பாய்க்குப் புரியவில்லை. இன்னும் பலமாக ஊதினார். மிச்சம் இருந்தவர்களும் உள்ளே ஓடினார்கள். ஒருத்தி திரும்பி வந்து ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்று குட்டி விசில் ஊத வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. *

(* அடிக்குறிப்பு: இதைப் படித்த தோழி, “பயத்தில் யாருக்குத்தான் தோன்றும்?” என்று எழுதச் சொன்னாள். எழுதமாட்டேன். பயத்தில் தோன்ற வேண்டும் என்பதற்காகத்தானே ஐந்து வருஷம் ஒத்திகை நடத்தினோம்.)

தண்ணீர் உள்ளே புகுந்த பிறகுதான் ஜனங்கள் வெளியே வந்தார்கள். பேச்சியம்மாள் குடிசையின் மண்சுவர் ஊறி விழுந்தது. சுவரோரம் படுத்திருந்த தனபாலன் அதனடியில் போனான்.

5

வெள்ளத்தைப் பற்றிச் சர்க்கார் ஆபீசுக்கு எங்கள் குழு அனுப்பிய ரிப்போர்ட்டை யார் சொல்ல நான் அப்படி அடித்தேன்? இந்த இடத்தில் ஒரு வில்லனை வைத்தால் கதை நன்றாக நிற்கும். ரஹ்மான் பாயை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. யாரும் சொல்லவில்லை. ரிப்போர்ட் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

“தங்கச்சி, இது நெசமா?” என்று அந்த வரியைக் காட்டிக் கேட்டவர் பாய்தான்.

“இப்படித்தான் பாய் எழுதுவாங்க” என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவர் ஒத்திகைக்கும் வரவில்லை, என் வீட்டுக்கும் வரவில்லை.

6

இரண்டு மாதம் கழித்துப் பேச்சியம்மாள் வந்தாள். நிவாரணம் கொடுக்கும் இடத்தில் யாரோ அந்த வரியை எல்லோர் முன்னாலும் படித்துக்காட்டி, சொன்ன பேச்சு கேட்காத ஜனங்கள் என்று திட்டியிருக்கிறார்கள்.

“யம்மா, அந்த ஆளு எந்திரிச்சு ஓடப் பாத்துச்சு. நாந்தான் முதுவுல கைய வெச்சு அமுக்கினேன். ‘இருய்யா, மூணு விசிலு வர்ல’ன்னேன். சரின்னு படுத்துக்கிச்சு. ஜென்மத்துல ஒரு தபாதான் அந்த மனுசன் சொன்னத கேட்டுச்சு. அத்தையும் கேக்கலன்னு எய்திட்டியே!”

மாற்றி எழுதித் தரச் சொன்னாள். நான் யோசிக்கிறேன் என்றேன். ஒன்றரை வருஷம் யோசித்தேன். அப்புறம் கடிதம் எழுதாமல், கோழைத்தனமாகக் கதை எழுதினேன்.

7

பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து மன்னித்தால் உருக்கமாக இருக்குமாம். அவள் மன்னிக்கவில்லை, என் கதைக்காக மன்னிக்கவும் வேண்டாம். இன்னொருவர், தனபாலன் உயிரோடு திரும்பட்டுமே என்றார். திரும்பவில்லை ஐயா! நான் என்ன செய்ய?

8

கதையை அவளுக்குப் படித்துக்காட்டினேன். எழுத்து தெரியாதவள், கடைசிவரை கேட்டாள்.

“இது ஆபீசுக்குப் போவுமா?”

“போகாது.”

“யாரு படிப்பாங்க?”

“யாரோ. முன்னே பின்னே தெரியாதவங்க.”

“அப்ப இன்னாத்துக்கு எய்தினே? கடுதாசியா எய்து. நான் சொல்லிக்கினே வர்றேன்.”

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். நாங்கள் சொன்னதை அவர்கள் கேட்டார்கள், கேட்டதால்தான் தனபாலன் செத்தான், தவறு எங்களுடையது. மூன்று வரிதான். ரஹ்மான் பாய் கடைக்கு இரண்டு பேருமாகப் போனோம். படித்துப் பார்த்தார். கண்ணாடி வெட்டுவதை அப்படியே நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மற்ற இரண்டு பேரும் மறுத்துவிட்டார்கள். பேச்சியம்மாள் கைநாட்டு வைத்தாள். ரிஜிஸ்தர் தபாலில் போட்டோம்.

அதற்குப் பிறகு இரண்டு நினைவூட்டுக் கடிதமும் போய்விட்டது. பதில் இல்லை.

“கதைய எப்படி முடிக்கட்டும்?” என்று அவளிடம் கேட்டேன்.

“முடிக்காத. அவங்க பதில் போடட்டும்.”

ஆகவே நான் முடிக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் அந்த ஆபீசில் வேலை பார்க்கலாம். காப்பி குடித்துக்கொண்டே, டிராயரை அரைகுறையாகச் சாத்தி வைத்து, உள்ளே இந்தப் பத்திரிகையைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்களைத்தான் சொல்கிறேன். எழுந்திருங்கள். எழுபத்தாறாம் வருஷத்து ஃபைல் கட்டை எடுங்கள். மணல்மேட்டுக் குப்பம், இரண்டாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள்.